தரைக்கு ஒரு சாண் மேலே

ஓடுதளம் முடிகிற இடத்தில் தொடங்குகிற ஊர் எங்களுடையது. கீழப்பொட்டல் என்று பெயர், பெயரில் இருக்கிற பொட்டலைத் தவிர மற்ற நிலத்தையெல்லாம் விமான நிலையத்துக்கு எடுத்துக்கொண்டார்கள், அன்றிலிருந்து விமானங்கள் எங்கள் ஓட்டுக்கூரைகளுக்கு மேலே வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்குகின்றன. அப்படி ஒன்று இறங்கும்போது யார் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் வார்த்தையை வாயிலேயே நிறுத்திக்கொண்டு, சத்தம் கடந்துபோன பிறகு விட்ட இடத்திலிருந்து எடுத்துப் பேசுவோம், சண்டையானாலும் அப்படித்தான், ஒப்பாரியானாலும் அப்படித்தான், தாலி கட்டுகிற நேரத்தில் கெட்டிமேளமே ஒருதரம் நின்று தொடர்ந்திருக்கிறது. வெளியூரிலிருந்து வாழவந்த பெண்கள் முதலில் கற்றுக்கொள்வது இந்த நிறுத்தத்தைத்தான், அதற்குப் பிறகு அவர்களும் எங்களைப் போலவே பாதி வார்த்தையோடு காத்திருக்கப் பழகிவிடுவார்கள்.

ஆடிக் காற்று வழக்கத்தைவிட மூர்க்கமாக அடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், வளைகுடாவிலிருந்து வந்த விமானம் ஒன்று தொடவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் தரையைத் தொட்டது, தொட்டதும் ஒரு டயர் வெடித்தது, வெடித்ததும் ஓடுதளத்தை விட்டு விலகி, ஒருகாலத்தில் நாங்கள் துவரை விதைத்த செம்மண்ணைக் கலப்பை இல்லாமல் உழுதுகொண்டே வந்து, சுற்றுச்சுவரை இடித்து, மூக்கை மட்டும் ஊருக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. தீப்பிடிக்கவில்லை, ஓர் உயிரும் போகவில்லை. சுவரோரம் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் ஒதுங்கி நின்று பார்த்தன, அது தின்கிற பொருள் இல்லை என்று தெரிந்ததும் மேயப் போய்விட்டன. பின்னால் வந்து விசாரித்தவர்கள் பழியையெல்லாம் காற்றின் மேல் போட்டுவிட்டுப் போனார்கள், காற்று வந்து மறுக்கவா போகிறது.

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சக்கரம் தரையைத் தொட்டதோ இல்லையோ, பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து நின்று, தலைக்கு மேலே இருக்கிற பையை இழுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போன் போட்டாக வேண்டும். பணிப்பெண் உட்காருங்கள் உட்காருங்கள் என்று எத்தனை மொழியில் கெஞ்சினாலும் காதில் ஏறாது, ஓடுகிற பஸ்ஸில் படிக்கட்டுக்கு வந்து நின்று பழகிய கால்கள் அல்லவா. இரண்டு வருடம் பொறுத்திருந்தவர்களுக்கு அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தைப் பொறுக்க முடிவதில்லை, இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அன்றைக்கும் அப்படிச் சிலர் எழுந்து நின்றிருந்தார்கள்.

குடத்தில் தண்ணீரும் கையில் ஏணியுமாக நாங்கள் ஓடிப்போனபோது, காற்றடைத்த சறுக்குப்பை வழியாக ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இருக்கையில் உட்கார்ந்திருந்தவர்கள் சறுக்கி வந்து மண்ணில் விழுந்தார்கள், சிலர் மண்ணைக் கும்பிட்டார்கள், ஒருவர் அதன் மேலேயே வாந்தி எடுத்தார். எழுந்து நின்றிருந்தவர்களும் அதே மாதிரிதான் சறுக்கி வந்தார்கள், ஆனால் சறுக்குப்பை முடிந்த இடத்தில், தரைக்கு ஒரு சாண் மேலே, நின்றுவிட்டார்கள். அவர்கள் காலுக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு கோழி தாராளமாகப் போய்வரலாம், போயும் வந்தது.

"காத்து ஜாஸ்திப்பா, அமந்துச்சுன்னா கால் தன்னால பாவிரும்" என்றார் டீக்கடை உக்கிரபாண்டி, நாங்களும் சரியென்றோம். காற்று அமர்ந்தது, கால் பாவவில்லை. விமான நிலையத்து அதிகாரி ஒருவர் களைத்துப்போய் வந்து, "சார், கொஞ்சம் கீழ நின்னீங்கன்னா நல்லாருக்கும்" என்று கேட்டுப்பார்த்தார், அவர்களும் முயன்றுபார்த்தார்கள், பிறகு அவர் எல்லோரும் பத்திரமாகத் தரையிறங்கிவிட்டார்கள் என்று அறிவித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

அப்படி நின்றவர்களில் ஒருவர் எங்கள் ஊர்க்காரர், மாசிலாமணி. போனை இன்னும் காதிலேயே வைத்திருந்தார். "எறங்கிட்டேன் பஞ்சவர்ணம், எறங்கிட்டேன்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் டயர் வெடித்தது.

மாசிலாமணிக்கு அபுதாபியில் சாரம் கட்டுகிற வேலை, இருபத்திரண்டு வருடம். அவர் கட்டிய சாரத்தில் ஏறி நின்று மற்றவர்கள் கட்டடம் கட்டினார்கள், கட்டடம் முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள், அதனால் அவர் செய்த வேலை என்று காட்டுவதற்கு உலகத்தில் எங்கேயும் எதுவும் இல்லை. ஆயுளில் பாதியை அந்தரத்தில் நின்றே கழித்தவருக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஓர் ஆசைதான், தன் வீட்டு நடு அறையில், சிவப்புச் சிமெண்ட் தரையில், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் முதுகோடு படுக்க வேண்டும். முன்பு லீவில் வந்தபோதெல்லாம் அதற்கு வாய்க்கவில்லை, வந்தவரைக் கட்டிலில் மெத்தை போட்டுப் படுக்கவைத்து, உபசரித்து, திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்தத் தடவை ஒரேயடியாக வந்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். முன்பும் இரண்டு தடவை அப்படிச் சொல்லியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் படுத்தார், ஒரு சாண் மேலேயே நின்றது உடம்பு. பஞ்சவர்ணம் குனிந்து அவர் முதுகுக்குக் கீழே கையை விட்டுத் துழாவிப் பார்த்தாள். 

"படலையா?" என்றாள்.

"படல" என்றார்.

அவள் எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள். அவளும் களைத்துத்தான் இருந்தாள், அதை யாரும் கேட்கவில்லை. மாமனார் மாமியாரைக் கடைசிவரை பார்த்து அனுப்பியது, மகளை வளர்த்துத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தது, கூரை ஒழுகினால் ஏறி ஓடு மாற்றியது, கிணற்று மோட்டார் எரிந்தால் கழற்றித் தலையில் தூக்கிக்கொண்டு போனது எல்லாம் ஒற்றை ஆளாக அவள்தான். மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது ஒருதரம் போனில் அழுது, உடனே வாங்க என்று கூப்பிட்டிருக்கிறாள், லீவு கிடைக்கவில்லை என்று பதில் வந்தது, அதற்குப் பிறகு அவரிடம் எதையும் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டாள். இரண்டு பேர் பிடிக்கிற சாமானை அவள் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை, மிளகாய் காயப்போட்டால்கூட ஒருத்தி இழுத்துப் போகிற அளவுக்குச் சின்னச் சின்னச் சாக்காகத்தான் விரிப்பாள்.

நாட்கள் போகப்போக ஊருக்கு அவருடைய உயரம் பழகிவிட்டது. அவர் நடந்துபோன பாதையில் தடம் இருக்காது, செருப்பு தேயாது, முள் குத்தாது, மழைக்காலத்தில் அவர் ஒருவர் மட்டும் சேறு ஒட்டாமல் போய்வருவார் என்று பொறாமைப்பட்டவர்களும் உண்டு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பெஞ்சுக்கு ஒரு சாண் மேலேதான் இருப்பார் என்பதால் அவர் உட்காருகிற இடத்துக்கு மேலிருந்த தட்டியை உக்கிரபாண்டி கொஞ்சம் தூக்கிக் கட்டினார். ஆஸ்பத்திரியில் எடை பார்க்கிற மெஷின் முள் அசையவில்லை, ஆனால் ரத்த அழுத்தம் இருந்தது, மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். எங்கள் பூசாரி கருத்தக்கண்ணு மூன்று நாள் யோசித்து, பேய்க்கும் கால் பாவாது, தெய்வத்துக்கும் கால் பாவாது, மாசிலாமணி எந்தப் பக்கம் என்று தெரிகிறவரை மரியாதையாக இருப்பதே நல்லது என்று சொன்னார். அதனால் சிலர் விளக்கு வைத்த பிறகு அவர் எதிரே வந்தால் ஒதுங்கிப் போனார்கள், சிலர் காய்ச்சல் கண்ட குழந்தைகளைக் கொண்டுவந்து அவர் கையால் திருநீறு பூசச் சொன்னார்கள், இரண்டு காரியத்தையும் செய்தவர்களும் இருந்தார்கள்.

வைத்தியமும் பார்த்தோம். பாரம் ஏற்றினால் இறங்குவார் என்று அம்மிக்கல்லைக் கயிற்றால் காலோடு சேர்த்துக் கட்டினோம், அம்மியும் அவரோடு சேர்ந்து ஒரு சாண் எழுந்து நின்றது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று ஊரில் சும்மாவா சொன்னார்கள் என்றாள் ஒரு கிழவி, அதோடு கயிற்றை அவிழ்த்துவிட்டோம்.

பிறகு உக்கிரபாண்டிதான் காரணத்தைக் கண்டுபிடித்தார். "அன்னிக்கு அவரப் பாத்து யாராவது வாங்கன்னு ஒரு வார்த்த கேட்டோமா? என்ன ஆச்சு, அடி கிடி பட்டுச்சா, பொட்டி எங்கன்னுதான கேட்டோம். வந்த மனுசன வாங்கன்னு கேக்காம வேற என்னத்தக் கேட்டா என்ன? எப்படிக் கால் பாவும்?" 

எங்களுக்குச் சுருக்கென்றது. வீடு தேடி வந்தவனை வாங்க என்று கேட்காமல் விட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பேசாமல் இருக்கிற குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு, அப்படிப்பட்ட ஊரில் இப்படி ஒரு பிழை நடந்துவிட்டதே என்று வெட்கப்பட்டு, மறுநாள் காலையில் ஊரே அவர் வீட்டு வாசலில் வரிசையாக நின்றது.

"வாங்க மாமா" என்றார்கள், "வாங்கண்ணே" என்றார்கள், "வாங்க சம்பந்தி" என்றார்கள், வரப்புத் தகராறில் பத்து வருடமாக முகம் பார்க்காத பங்காளி குருசாமிகூட வந்து நின்று "வா..." என்று ஆரம்பித்தார், அந்த நேரம் பார்த்து மேலே ஒரு விமானம் இறங்கியது, அந்த வார்த்தையை வாயில் வைத்தபடி அவர் காத்திருந்து, சத்தம் போன பிறகு "...ங்க" என்று முடித்தார். மாசிலாமணி ஒவ்வொருவரையும் கும்பிட்டார். கடைசியில் பஞ்சவர்ணத்தை வாசலுக்குக் கூட்டிவந்தோம். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு லீவுக்கும் எப்படிக் கேட்பாளோ அதே மாதிரி, நிலைப்படியில் நின்று, "வாங்க" என்றாள். அவர் கால் இறங்கவில்லை, இன்னும் ஒரு விரற்கடை மேலே போனது போலத்தான் எங்களில் சிலருக்குத் தெரிந்தது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், அதற்குப் பிறகு எங்களுக்கும் அலுத்துவிட்டது. கிரேன் வந்து விமானத்தை இழுத்துக்கொண்டு போனது, சுவரை மறுபடி கட்டினார்கள். பஞ்சவர்ணம் மட்டும் மரியாதை குறையாமல் நடத்தினாள், விருந்தாளிக்கென்று வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்தாள், மீன் வாங்கினால் நடுத்துண்டை அவர் தட்டில் வைத்தாள், அவர் எழுந்து தட்டைக் கழுவப் போனால், "நீங்க இருங்க, நான் பாத்துக்கிறேன்" என்றாள். அவர் இருந்தார். சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை, ராத்திரி தூக்கம் இல்லை, கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது. முதுகு எதிலாவது பட்டால்தானே அலுப்பு உடம்பை விட்டுப் போவதற்கு ஒரு வழி கிடைக்கும், அவருக்கு இருபத்திரண்டு வருட அலுப்பும் உடம்புக்குள்ளேயே நின்றது.

புரட்டாசியில் இபுராம்சா அவரைப் பார்க்க வந்தார். அதே விமானத்தில் எழுந்து நின்றவர், தொண்டிப் பக்கத்துக்காரர். இருவரும் முற்றத்தில் ஒரே உயரத்தில் உட்கார்ந்து காபி குடித்தார்கள்.

"நான் திரும்பிப் போறேண்ணே" என்றார் இபுராம்சா. "ஏஜென்ட் நம்மள மாதிரி ஆளாத் தேடுறான். கால் பாவாதவனுக்குச் சாரமே வேணாமாம், செலவு மிச்சமாம். நீங்களும் வாங்களேன்."

"அங்க போனா மட்டும் கால் பாவுமா தம்பி?"

"பாவாதுதான். ஆனா அங்க பாவலன்னு வருத்தப்பட ஒண்ணுமில்லண்ணே. நம்ம ஊர்ல வந்து நின்னுக்கிட்டுத் தரை தொடலன்னாத்தான் மனசு கெடந்து அடிச்சுக்குது."

அடுப்படியில் பஞ்சவர்ணத்துக்கு இது கேட்டது. இபுராம்சா போன பிறகு மாசிலாமணி நெடுநேரம் முற்றத்திலேயே இருந்துவிட்டு, "ஐப்பசியில கெளம்பலாம்னு பாக்குறேன். இங்க இருந்து யாருக்கு என்ன ஆகப்போகுது" என்றார். போக வேண்டாம் என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தார். போகவில்லை என்று அவரே சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். மேலே விமானம் எதுவும் போகவில்லை, ஆனாலும் இருவரும் பாதி வார்த்தையோடுதான் நின்றார்கள். பிறகு அவள், "ஒங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒவ்வொரு தடவையும் செய்வது போலவே அவருக்குக் கொடுத்தனுப்பப் பருப்புப் பொடி இடித்தாள், நார்த்தங்காயை உப்பில் போட்டாள், மிளகாய்த் தூளுக்காகச் சந்தையிலிருந்து முண்டு மிளகாய் வாங்கிவந்தாள். சின்னச் சாக்குகளை எடுத்துப் பார்த்தால் எலி கடித்துக் குதறியிருந்தது. தைக்கத் தெம்பில்லாமல், பக்கத்து வீட்டில் ஒரு பெரிய தார்ப்பாயை வாங்கிவந்து கொல்லையில் விரித்து மொத்த மிளகாயையும் அதிலேயே கொட்டிப் பரப்பினாள், கொட்டும்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதன் பிறகு வீட்டுத் தரையைத் துடைத்து முடித்து, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

கிழக்கே கருத்தது. எங்கள் பக்கத்து மழை சொல்லிவிட்டு வராது, முதல் தூறல் விழும்போதே ஓடினால்தான் உண்டு. பஞ்சவர்ணம் ஓடிப்போய்த் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள், அந்தப் பக்கத்து மிளகாய் இந்தப் பக்கம் சரிந்தது, சுற்றிப் போய் மறுமுனையைப் பிடித்தாள், இந்தப் பக்கத்து மிளகாய் அந்தப் பக்கம் கொட்டியது. ஒற்றை ஆளால் தூக்க முடியாத ஒரு சாமானை இத்தனை வருடத்தில் முதன்முதலாகத் தன் கொல்லையில் விரித்துவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தூறல் வலுத்தது. நிமிர்ந்து பார்த்தாள். கொல்லைக் கதவுப் பக்கத்தில், தரைக்கு ஒரு சாண் மேலே, கையைக் கட்டிக்கொண்டு, விருந்துக்கு வந்தவர் மாதிரி அவர் நின்றுகொண்டிருந்தார்.

அவளுக்கு வந்த கோபம் மழை மேல் வந்தது இல்லை, மிளகாய் மேல் வந்ததும் இல்லை. 

"நின்னு வேடிக்க பாக்குறீங்களே, கண்ணு தெரியல? ஒருத்தி எத்தனயத்தான் இழுப்பா? வந்து அந்த மொனையப் பிடிங்க" என்றாள்.

அவர் ஓடிவந்து பிடித்தார். "அங்கிட்டு இல்ல, இங்கிட்டு, தூக்குங்க, தூக்குங்க, சரியுது பாருங்க" என்று அவள் வைதுகொண்டே வர, இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு முனையாகத் தார்ப்பாயைத் தொட்டில் மாதிரி தூக்கிக்கொண்டு கொல்லையைத் தாண்டி, கதவைத் தாண்டி, நடு அறைக்குள் வந்து மிளகாயை இறக்கினார்கள். கொட்டிப்போனதை அள்ள அவர் மறுபடி ஓடினார், மறுபடி வந்தார். மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. அவள் மூச்சு வாங்கச் சுவரில் சாய்ந்தாள், சாய்ந்தபடியே தரையைப் பார்த்தாள், சற்றுமுன் துடைத்த சிவப்புத் தரையில் கொல்லைக் கதவிலிருந்து நடு அறை வரைக்கும் சேறு.

"இப்பத்தான தொடச்சேன், கால அலம்பிட்டு வரக் கூடா..." என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். 

மேலே விமானம் எதுவும் இல்லை. அவளுடைய தடம் சின்னது, அவளுக்குத் தெரியும். மற்றது பெரியது, ஐந்து விரலும் குதிகாலும் அழுத்தமாகப் பதிந்த ஆண்பிள்ளைத் தடம். அவரும் குனிந்து அதைப் பார்த்தார். இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தூக்கிவைத்துப் பார்த்தார், வைத்த இடத்தில் கால் நின்றது. அவள் வாங்க என்று கேட்கவில்லை. மூலையில் கிடந்த தரைத்துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்களே தொடைங்க" என்றாள். 

அந்த ஐப்பசியில் இபுராம்சா மட்டும்தான் போனார், அந்த மிளகாய்த் தூளை அந்த வருடம் எங்கள் தெருவே வாங்கிச் சாப்பிட்டது, மழை பட்ட மிளகாய் என்பதால் நிறம் கொஞ்சம் மட்டு. அதெல்லாம் பிறகு. அன்றைக்கு, மழை கொட்டிக்கொண்டிருந்த பிற்பகலில், அவர் மண்டியிட்டு உட்கார்ந்து, கதவிலிருந்து தொடங்கித் தன் தடத்தைத் தானே ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தபோது, துடைத்து உலர்ந்த பக்கமாகப் பார்த்து, பாய்கூட விரிக்காமல், இருபத்திரண்டு வருடமாகப் பகலில் கட்டையைச் சாய்த்தறியாத பஞ்சவர்ணம் வெறுந்தரையில் படுத்துக்கொண்டாள். அவர் துணியைப் பிழியப் போகும்போது கூரைக்கு மேலே ஒரு விமானம் இரைந்துகொண்டு இறங்கியது, ஊர் முழுக்கப் பேச்சு நின்றது, அவள் புரண்டுகூடப் படுக்கவில்லை.